பேருந்தில் தொங்கிய நான்காம் தாள்

வெண்மதி தன் கையால் எழுதிய ஒரு பொய், நாற்பத்தொரு நாள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, மாதா படத்துக்கும் வாடிப்போன எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், பளபளவென்று லேமினேஷன் போட்டு, அது ஒரு சின்னக் கயிற்றில் தொங்கியது. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் ஆடும். வண்டி கிளம்பினால் பின்னால் ஆடும். ஏறுகிறவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் என்ன தெரிந்திருக்கும்? 'நினைவாற்றல்: இயல்பு. கவனம்: இயல்பு. முடிவெடுக்கும் திறன்: இயல்பு' என்று நீல மையில் எழுதி, கீழே ஒரு கையெழுத்தும் முத்திரையும். அந்தத் தாளின் கீழே உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் அவளுடைய கணவன் பக்கிரி.

அவர்கள் குடியிருந்த வண்டிப்பாளையத்தில் அவர்களை அறியாதவர்கள் இல்லை. பக்கிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக ஒரே முதலாளியிடம், ஒரே தடத்தில் ஓட்டுகிறவன். கடலூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம். இந்தச் சாலையில் எந்தப் பள்ளம் எந்த மழையில் உண்டானது என்று சொல்லுவான். வெண்மதி தேவனாம்பட்டினத்தில் அங்கன்வாடிப் பணியாளர். பத்தொன்பது வருடமாக மீனவர் வீட்டுப் பிள்ளைகளை எடை போட்டு, சத்துமாவு கொடுத்து, பாட்டுச் சொல்லித் தூங்க வைத்தவள். ஒரே மகன் சேரன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் படிக்கும் ஆசை வந்தது. நாற்பத்தாறு வயதில் தொலைதூரக் கல்வியில் உளவியல் சேர்ந்தாள். மாதம் இரண்டு சனிக்கிழமை சிதம்பரத்தில் வகுப்பு. கணவன் ஓட்டும் வண்டியிலேயே ஏறி, அவனுக்கு இடப்புறம் இருக்கும் முன் இருக்கையில் உட்கார்ந்து போவாள்.

"டீச்சரம்மா, படிச்சு முடிச்சிட்டு எங்களுக்குப் பைத்தியம் தெளிய வையுங்க" என்று கண்டக்டர் சார்லஸ் கிண்டல் செய்வான்.

"மொதல்ல உனக்குத்தான்டா" என்பான் பக்கிரி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் சிரிப்பார்கள். வெண்மதியும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன காத்திருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

பாடத்தின் பெயர் மனித வளர்ச்சி. பிறந்த குழந்தை முதல் முதுமை வரை மனம் எப்படி வளர்கிறது, எப்படித் தளர்கிறது என்பதுதான் முழுப் புத்தகமும். செய்முறைக்கு ஐந்து தாள்கள். மழலை, பிள்ளைப்பருவம், விடலை, நடுவயது, முதுமை என்று பருவத்துக்கு ஒருவரை நேரில் பார்த்து, கேட்டு, எழுதிக் கொண்டுவர வேண்டும். வகுப்பெடுத்த சத்யப்பிரியா, வெண்மதியைவிடப் பதினைந்து வயது இளையவர். கறாரான பெண்.

"ஆளைப் பார்க்காம எழுதாதீங்க. பார்த்தது மட்டும்தான் தாள்ல இருக்கணும்" என்று மூன்று முறை சொன்னார்.

வெண்மதி முதலில் முதுமையிலிருந்துதான் தொடங்கினாள். பக்கிரியின் தாய்மாமன் கோவிந்தசாமி, ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. அவர் வீட்டுக்கே தாளை எடுத்துக்கொண்டு போனாள். நினைவும் கவனமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை ஒன்று அதில் இருந்தது.

"ஒரு கடியாரம் வரைங்க மாமா. பதினொண்ணு பத்து மணி காட்டணும்."

"கடியாரமா? நாப்பது வருஷம் கடியாரத்தப் பார்த்துதான்டி கேட்ட மூடினேன். ஒரு நிமிஷம் பிசகினா உன்னை மாதிரி எத்தினி பேரு செத்திருப்பீங்க?" என்று சொல்லிக்கொண்டே வட்டம் போட்டார். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது. அப்புறம் மற்ற எண்கள். சின்ன முள் பதினொன்றைக் கொஞ்சம் தாண்டி. பெரிய முள் இரண்டில். "போதுமா, வினாடி முள்ளும் வேணுமா? என்னை லூசுன்னு எழுதிடலாம்னு பார்த்தியா?"

"அய்யய்யோ, இல்ல மாமா!"

கிழவர் பென்சிலை அவளிடம் நீட்டினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இத உன் புருசன்கிட்ட போடச் சொல்லு. பொங்கலுக்கு வந்தவன் இந்த வாசல்ல நின்னுக்கினு, 'பெரியவரே, கோவிந்தசாமி வீடு எது'ன்னு என்னையே கேட்டான்."

"வெளையாட்டுக்குக் கேட்டிருப்பாங்க மாமா. அவுங்க கொணம்தான் தெரியுமே."

"வெளையாட்டா இருந்தா சரி" என்றார் கிழவர்.

வெண்மதி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கிரி உப்பு மூன்று பாக்கெட் வாங்கி வந்ததும், சேரனை ஃபோனில் தன் செத்துப்போன தம்பி பெயரால் கூப்பிட்டதும், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'இது, இது, இதக் குடு' என்று திணறியதும் வரிசையாக வந்து நின்றன. அசதி என்று சொல்லி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு அசதி வராதா?

மற்ற நான்கு தாள்களும் வெற்றாகவே கிடந்தன. அவற்றைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்துவிட்டது.

இங்கேதான் அவளுடைய பத்தொன்பது வருடப் பழக்கம் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனது. அங்கன்வாடியில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. மேற்பார்வையாளர் வரும்போது எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. பிள்ளை உட்கார்கிறதா, நிற்கிறதா, இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா என்று மாதாமாதம் கட்டங்கள். ஐம்பது பிள்ளைகள். சமையல் பார்க்கவா, ஃபோனில் வருகை ஏற்றவா, கட்டம் நிரப்பவா? நன்றாக இருக்கிற பிள்ளைதானே என்று 'ஆம், ஆம், ஆம்' என்று ஒரே மூச்சில் போட்டுக்கொண்டு போவாள். எல்லா மையத்திலும் அப்படித்தான். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. 'ரிக்கார்டு முடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள்.

அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய நேரத்தில் நான்கு தாள்களையும் முடித்தாள்.

முதல் தாளுக்குத் தன் மையத்திலேயே இருந்த இரண்டு வயது தன்ஷிகாவை எடுத்துக்கொண்டாள். மாரியம்மாளின் மகள். அழாது, அடம் பிடிக்காது, ஒரு மூலையில் உட்கார்ந்து மணலை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். தொந்தரவே இல்லாத பிள்ளை என்று ஆயாவுக்குக்கூட அதன்மேல் தனிப் பிரியம். 'பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா?' ஆம். 'வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா?' ஆம்.

நான்காம் தாளில் 'பக்கிரி, வயது 52, ஓட்டுநர்' என்று எழுதினாள். கணவன் பெயரை வாயால் சொல்லாதவள், எழுதும்போதும் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு எல்லா வரிக்கும் 'இயல்பு'. கடைசியில் கடிகாரம் வரைய வேண்டிய வெற்று இடம்.

அவனிடம் கொடுத்து வரையச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வரப்போகிறவன்தானே? ஏன் கொடுக்கவில்லை? அவசரம் என்றுதான் அவள் அன்று நினைத்தாள். பின்னாளில், அவசரம் இல்லை, பயம் என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

பென்சிலை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். தன் எழுத்து மாதிரி தெரியக் கூடாதே! கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டு, பதினொன்று பத்து வைத்தாள்.

சத்யப்பிரியா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில், 'உழைத்த கையின் நடுக்கம் தெரிகிறது. நல்ல பதிவு' என்று எழுதியிருந்தார்.

வினை அதோடு நின்றிருந்தால் அது ஒரு மாணவி செய்த தப்பாகப் போயிருக்கும். ஆனால் திரும்பி வந்த தாள்களை அவள் வீட்டு மேசையில் வைத்திருந்தாள். பக்கிரி பார்த்துவிட்டான். தன் பெயர், அதற்குக் கீழே இயல்பு, இயல்பு, இயல்பு. முத்திரை வேறு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு, வண்டியில் மாட்டிவிட்டான்.

"யுனிவர்சிட்டியே சொல்லிட்டுது, என் மூளை நூத்துக்கு நூறுன்னு" என்று சார்லஸிடம் சொன்னானாம்.

வெண்மதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழற்றச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் கழற்ற வேண்டும் என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வாள்?

தாள் மாட்டிய பன்னிரண்டாம் நாள் ஆலப்பாக்கத்தில் ஒரு டீக்கடைக் கூரையை வண்டி உரசிக் கிழித்தது. ஆளுக்குச் சேதமில்லை. முதலாளி ராமாமிர்தம் கூப்பிட்டு விசாரித்தார்.

"பக்கிரி, கொஞ்ச நாளா உன்மேல ஒரே பேச்சா இருக்கு. ஸ்டாப்பிங்ல நிறுத்தாம போறியாம். ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பக்கிரி வண்டியில் ஏறி, அந்தத் தாளைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான். ராமாமிர்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"சரி போ. படிச்ச பொம்பள எழுதிருக்கு, அதுக்கு மேல நான் என்ன கேக்கறது?"

இதைச் சார்லஸ்தான் வெண்மதியிடம் சொன்னான். அடுத்த சனிக்கிழமை அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. முதல் முறையாகத் தன் கணவன் வண்டி ஓட்டுவதைப் பார்த்தாள். சத்யப்பிரியா சொன்ன மாதிரி, நேரில்.

அவன் கைகள் அழகாகத்தான் ஓட்டின. கியர் விழுந்தது தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரை ஃபர்லாங் முன்பே சார்லஸ் விசில் கொடுத்தான். விசிலோடு நிற்கவில்லை. "அண்ணே, பச்சை போர்டு தெரியுது பாருங்க, அங்க ஓரங்கட்டுங்க." "அண்ணே, முட்லூர். நேரா. நேரா விடுங்க." கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டே, குரலை மட்டும் முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தான்.

சிதம்பரத்தில் இறங்கியதும் அவனைத் தனியே பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா இப்படிச் சொல்லிக்கினு வர?"

சார்லஸ் தலையைக் குனிந்துகொண்டான். "ஆறு மாசம் இருக்கும் அண்ணி. கை கால் எல்லாம் அண்ணனுதுதான். வழி மட்டும் நான் சொல்றேன்."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீங்களே ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே அண்ணி! எனக்குத்தான் ஏதோ தப்பாத் தெரியுதுன்னு நெனச்சிட்டேன்."

அந்த வார்த்தை முள்ளாய் இறங்கியது.

சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தாள். மறுநாளும் முடிவு செய்தாள். சொன்னால் தாள் பொய் என்றாகும், படிப்பு போகும். அங்கன்வாடிக் கட்டங்களையும் யாராவது புரட்டிப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிது ஒன்று. ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டால் பக்கிரி யார்? காலையில் காக்கிச் சட்டைக்குப் பித்தான் போடும்போதுதான் அவன் முகத்தில் இன்னும் பழைய பக்கிரி தெரிந்தான். சார்லஸ் இருக்கிறானே என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் அறுபது உயிர். வண்டி கடலூர் வந்துவிட்டது என்று தகவல் வரப் பத்து நிமிடம் தாமதமானால் அங்கன்வாடி வாசலில் நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாற்பத்தொன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை. அவள் வண்டியில் ஏறியபோது பின்படியில் வேறு ஒருவன் நின்றிருந்தான்.

"சார்லஸ் எங்க?"

"அவருக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. மூணு நாள் லீவு. நான் ராஜவேல், புதுசு" என்றான்.

இறங்கிவிடுங்கள் என்று கணவனிடம் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் இருந்தது. பக்கிரி திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "உக்காரு மதி, போவலாம்" என்றான். அந்த ஒரு நிமிடம் போய்விட்டது.

ஆலப்பாக்கத்தில் நிற்காமல் போனான். இறங்க வேண்டியவர்கள் கத்தியதும் தாண்டிப் போய் நிறுத்தினான். புதுச்சத்திரத்தில் யாரும் கேட்காமலே நிறுத்தி, சும்மா ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றான். "டிரைவரு வீட்ல சண்ட போல" என்று ஒருவர் சொல்ல, பின்னால் சிரித்தார்கள். வெண்மதியின் கை முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தது. தாள் ஆடிக்கொண்டிருந்தது.

முட்லூர் வந்தது. சிதம்பரத்துக்கு நேரே போக வேண்டும். வெள்ளாற்றின்மேல் பாலம் வந்த பிறகு எல்லா வண்டியும் அப்படித்தான் போகிறது. பக்கிரி நிதானமாகச் சிக்னல் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பிசகில்லாமல் வலப்பக்கம் புவனகிரி சாலையில் திருப்பினான்.

"இன்னாய்யா, ரூட் மாத்திட்டாங்களா?"

"ரோடு வேல நடக்குதோ என்னமோ."

வெண்மதிக்கு மட்டும் புரிந்தது. புத்தகத்தில் படித்திருந்தாள். கடைசியில் கற்றது முதலில் உதிரும். பாலம் கட்டுவதற்கு முன்னால், அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், வண்டி இந்த வழியாகத்தான் போனது. அவன் அந்த வருடத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகிறான். அறுபது பேரையும் கூட்டிக்கொண்டு.

"ஏங்க" என்றாள் மெல்ல. "நேராப் போவணுங்க. பாலத்து வழியா."

"எந்தப் பாலம்?" என்றான் பக்கிரி. கோபமில்லை. நிஜமாகவே கேட்டான்.

புவனகிரிக் கடைத்தெரு நெருங்கியது. அவன் நினைவிலிருந்த தெரு வேறாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் புதுக் கட்டடங்கள், போர்டுகள். முகத்தில் முதல் முறையாகக் கலவரம் தெரிந்தது. பின்னாலிருந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ராஜவேல் விசிலை மாற்றி மாற்றி ஊதினான். நில் என்றா, போ என்றா, அவனுக்கே தெரியவில்லை. பக்கிரியின் கால் பிரேக்கைத் தேடாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தது. எதிரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிய பெண்ணின் முன்னால் மஞ்சள் கவுன் போட்ட குழந்தை நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க! ஏங்க! இந்தாங்க!"

அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

"பக்கிரீ!"

இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையும் அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட 'சேரன் அப்பா' என்றுதான் சொல்லுவாள். அந்த அலறல் வண்டியையே நிறுத்தியதுபோல் இருந்தது. பக்கிரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஸ்கூட்டருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. குழந்தை அழக்கூட இல்லை, கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றது.

தாளின் கயிறு அறுந்து, அது எஞ்சின்மேல் கிடந்தது. வெண்மதி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

ராஜவேல் முதலாளிக்குச் சொல்லி, வேறு ஓட்டுநர் வந்து, பயணிகள் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, பென்சிலையும் கொடுத்தாள்.

"ஒரு கடியாரம் போடுங்க."

அவன் வட்டம் போட்டான். பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தான். முள் போடும்போது பென்சில் நின்றுவிட்டது. அவள் மடியில் இருந்த லேமினேஷன் தாளைப் பார்த்தான்.

"அன்னிக்கி நீ வரைஞ்சதுதானே அது?" என்றான்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும் மதி. நான் வரையலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒருவேள வரைஞ்சிட்டு மறந்துட்டேனோன்னும் நெனச்சேன். நெறைய மறக்குது. பயந்துக்கினே இருந்தேன். நீ ஒண்ணுமில்லன்னு எழுதிருந்தியா… அதான் கண்ணு முன்னால மாட்டிக்கினேன். பயம் வரும்போதெல்லாம் படிச்சிப்பேன்."

"என்னை மன்னிச்சிருங்க."

"வண்டி எடுக்கலாம் இல்ல, நாளைக்கு?"

"வேணாங்க."

"சார்லஸு வந்தப்புறம்?"

"வேணாங்க. இனிமே வேணாம்."

அவன் காக்கிச் சட்டையின் மேல் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். அது அறுந்து கையோடு வந்தது. பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று மாலையே அவனையும் கூட்டிக்கொண்டு போய் சத்யப்பிரியாவின் முன்னால் தாளை வைத்தாள். கடிகாரத்தை இடக்கையால் வரைந்ததையும் மறைக்கவில்லை.

சத்யப்பிரியா தாளின் ஓரத்தில் தான் எழுதியிருந்ததை மறுபடி படித்தார். "இதை நான் மேல எழுதித்தான் ஆகணும் வெண்மதி. உங்க தேர்வையே ரத்து பண்ணலாம். தெரியும் இல்லையா?"

"தெரியும் மேடம்."

"சாரை உடனே நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க." வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரியை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மத்த தாளு?" என்றார்.

"எந்தத் தாளு மேடம்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அதையெல்லாம் பார்த்துத்தானே எழுதினீங்க?"

வெண்மதி வாயைத் திறந்தாள். மணல் டப்பாவுடன் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முதுகு அவள் கண்முன்னால் வந்து நின்றது. அந்தப் பிள்ளை பேசி அவள் கேட்டது எப்போது? நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னதும், அவர் பக்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுததும், புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூளையைப் படமெடுத்து, இந்த வயதிலேயே வரும் மறதி நோய், இது ஆரம்பம் என்று சொன்னதும் அடுத்த பத்து நாளில் நடந்தன. ஆரம்பம் என்ற அந்த வார்த்தைதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. முடிவு எப்படி இருக்கும் என்பதைத்தான் அவள் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் அடிக்கோடு போட்டுப் படித்திருந்தாளே.

பதினோராம் நாள் காலை அவள் வேலைக்குத் திரும்பினாள். பக்கிரியைத் தனியாக விட முடியாது. கூடவே கூட்டி வந்து, அங்கன்வாடி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தாள். கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று, "மாமா, பஸ் ஓட்டிக் காட்டு" என்றார்கள். அவன் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான். ஒரு தப்பும் இல்லாமல்.

பையிலிருந்து ஐம்பது வெற்றுத் தாள்களை எடுத்தாள். தன்ஷிகாவைக் கொண்டுவந்து விட்ட மாரியம்மாள், "இன்னா டீச்சர், புதுசா ரிக்கார்டா?" என்றாள்.

"ஆமா மாரி. ஒரு நிமிஷம் இரு."

பிள்ளை வழக்கமான மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, மணலைக் கொட்டத் தொடங்கியிருந்தது. வெண்மதி நான்கடி பின்னால் நின்றுகொண்டாள்.

"தன்ஷிகா."

மணல் விழுந்தது.

"தன்ஷிகா!"

மாரியம்மாள் சிரித்தாள். "அது அப்படித்தான் டீச்சர், வெளையாட்டுல இருந்தா ஒலகமே தெரியாது. சமத்து."

வெண்மதி இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். தூளியில் தூங்கிய குழந்தை அலறி எழுந்தது. சமையல்கட்டிலிருந்து ஆயா எட்டிப் பார்த்தாள். கூரைமேல் இருந்த காக்கை பறந்து போனது. டப்பாவிலிருந்து டப்பாவுக்கு மணல் விழுந்துகொண்டே இருந்தது.

வாசலில் பக்கிரி மட்டும் திரும்பிப் பார்த்தான்.

"கூப்பிட்டியா மதி?" என்றான்.

மாரியம்மாளின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அவள் பிள்ளையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள்.

வெண்மதி பேனாவை எடுத்தாள். முதல் கட்டத்தில், பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, 'இல்லை' என்று எழுதினாள். இன்னும் நாற்பத்தொன்பது தாள்கள் இருந்தன.